கண் நிற்கும் இடம்

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் ஒரு நேரத்தில் துல்லியமாகக் காண்பது ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்தைத்தான். பார்வைக் கோணத்தில் சுமார் 2 டிகிரி. விழித்திரையில் ஃபோவியா என்ற சிறு குழிக்கு மட்டுமே அந்தக் கூர்மை உண்டு. சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அதனால் எந்தப் படத்தையும் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித்தாவியே பார்க்கிறோம். அந்தத் தாவல் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கம்போசிஷனின், அதாவது பட அமைப்பின், முதல் வேலை.

சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இந்தத் தாவல்களைப் பதிவுசெய்தார். குட்டிக் கண்ணாடி பொருத்திய மூடியை விழிமேல் ஒட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண் போன தடத்தை எடுத்தார். பார்வையாளர்களுக்கு அவர் காட்டிய படங்களில் ஒன்று, இலியா ரெபின் 1880களில் தீட்டிய 'எதிர்பாரா வருகை'. நாடுகடத்தப்பட்டிருந்தவன் மெலிந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைகிறான். கறுப்பு உடையில் தாய் நாற்காலியைவிட்டு எழுகிறாள். மேசையருகே பிள்ளைகள். சும்மா பார்க்கச் சொன்னபோது கண் முகங்களுக்கே திரும்பத் திரும்பப் போனது. குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டதும் உடைகளுக்கும் சாமான்களுக்கும் தாவியது.

ஓவியப் பாடநூல்கள் படத்தின்மேல் அம்புக்குறி போட்டு, கண் இப்படித்தான் சுற்றிவரும் என்று காட்டுகின்றன. அதை நம்ப வேண்டியதில்லை. கண் கோடுகளின் வழியே வழுக்கிச் செல்வதில்லை. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் தடம் மாறுவதை அமெரிக்க ஆய்வாளர் கய் பஸ்வெல் 1935லேயே காட்டிவிட்டார். தடம் ஓவியர் கையில் இல்லை. கண் நிற்கும் இடம் பெருமளவு அவர் கையில் உண்டு.

காரணம், அடுத்து எங்கே தாவுவது என்பதற்குத் துப்புக் கொடுப்பது அந்த மங்கலான ஓரப்பார்வை. அதற்கு நுணுக்கம் எட்டாது. பெரிய வடிவங்களும், இருட்டும் வெளிச்சமும் மோதும் இடங்களும்தான் எட்டும். ரெபினின் படத்தில் தாயின் கருத்த உருவமும் மகனின் கருத்த மேலங்கியும் வெளிச்சமான அறையில் எதிரெதிரே நிற்பது சும்மா இல்லை.

டீக்கடையை வரைகிறீர்களா? டீ ஆற்றுபவரின் முகத்துக்குப் பின்னால்தான் ஆகக் கருத்த நிழல் விழட்டும். பிஸ்கட் பாட்டில்கள், வாழைத்தார், பெயர்ப்பலகை எல்லாம் இளஞ்சாம்பலோடு நிற்கட்டும். புதிதாக வரைபவர்கள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் தீட்டுவதால்தான் நல்ல கைத்திறனும் எடுபடாமல் போகிறது.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்; நுணுக்கம் மறைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கறுப்பு, சாம்பல், வெள்ளை என்ற மூன்றே நிறங்களில் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பெரிய தாளில் கை வையுங்கள்.