வழுக்கிப் பிடிக்கும் தட்டு

மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி பழைய நெடுஞ்சாலை வழியே புனேவுக்கு வரக் கண்டாலா மலைப்பாதையை ஏறியாக வேண்டும். அந்த ஏற்றத்தில் நின்று நின்று நகர்ந்த 1089 சிசி காரில் அதிகம் அடிபடுவது கிளட்ச்.

காரணம் ஓர் அழகான கணக்கு. சமதரையில் நிற்கும் காரைக் கிளப்பும்போது இன்ஜின் சீரான வேகத்தில் ஓடினால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான வெப்பம் கிளட்சில் பிறக்கிறது. ஆயிரம் கிலோ எடை மணிக்கு 10 கி.மீ. வேகத்தை எட்ட, கிளட்ச் ஏறத்தாழ 3,900 ஜூல் வெப்பத்தை வாங்குகிறது. பெடலை மெல்ல விட்டாலும் வேகமாக விட்டாலும் இது மாறாது. ஏற்றத்தில் மட்டும் மாறும்: கார் பின்னால் உருளாமல் தாங்கவும் இன்ஜின் உழைக்க வேண்டும். அங்கே வழுக்கல் நீள நீளச் சூடும் ஏறும்.

சூட்டின் தழும்பு, கிளட்ச் பிளேட் உராயும் ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகளாகத் தெரியும். வார்ப்பிரும்பு அந்த இடங்களில் மட்டும் மிகையாகச் சூடேறி, சுற்றியுள்ள இரும்பால் சட்டெனக் குளிர்ந்து கெட்டித்துப்போகிறது. லேத்தில் மாட்டினால், கல்லில் பட்ட அரிவாள்போல் டூல் அங்கே துள்ளும், மேடு மிஞ்சும். கிரைண்டிங் செய்வதே நல்லது. முகத்தின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்கலாம். மிஞ்சினால் கார் உதறிக்கொண்டே கிளம்பும்.

பலர் தவறவிடுவது படியை. சில ஃப்ளைவீல்களில் பிரஷர் பிளேட்டின் கூடு உட்காரும் விளிம்பு, உராயும் முகத்தைவிட உயரமாக இருக்கும். முகத்தில் அரை மில்லிமீட்டர் சீவினால் விளிம்பிலும் அதே அளவு சீவியாக வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் குறைவாக அமுங்கும். புது கிளட்ச் பிளேட்டும் வழுக்கும்.

மாட்டும்போது பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டை நடுவில் செருகி கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பிரஷர் பிளேட்டைப் பின்னிழுக்கும் விரல்கள் கொண்ட பழைய வகையில் எல்லா விரல்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். விரல் நுனிகளோ எதிர்ப்பக்கம் எழுந்து ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். பெடலின் சும்மா ஆட்டம் குறைவதே அதற்கு அடையாளம். அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால், பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்தி பிடிமானத்தைத் தளர்த்திவிடும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்த ஆட்டத்தை அவ்வப்போது கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். ஏற்றத்தில் காரை நிறுத்திப்பிடிக்க ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள், கிளட்சை அல்ல.