நெல்லும் புளியங்கொட்டையும் சொல்லிக்கொடுத்த பாடம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. எட்டாவது வரை பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள், இப்போது வீட்டிலிருந்தே ஊர்ப் பள்ளிக்குப் போகிறாள். ஒரு நாள் முகம் வாடி வந்தாள். "படம் வர்ற பாடத்தையெல்லாம் விட்டுடு, பிளஸ் ஒன்ல சயின்ஸ் குரூப் உனக்குச் சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்க அத்தை" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் படம் வரைவதில் கிளாசிலேயே என் நோட்டுதான் முதல். அந்தத் தைரியத்தில், தாவர செல்லை அட்டையில் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன்.

கோட்டுக்கு நூல், பசுங்கணிகத்துக்குப் பாசிப்பயறு, மைட்டோகாண்ட்ரியாவுக்கு உளுந்து. ஃபெவிகால் போட்டு ஒட்டி, வர்ணம் வேறு தீட்டினேன். (யாருக்கு இந்த வர்ணம் என்று என் வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் உறைத்தது!) அவள் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பருப்பும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றாள். பிறகு, "செல்லுல இருந்து கம்பி கம்பியா வெளியே நீட்டிக்கிட்டு இருக்கே, அதுக்கு என்ன வேலை அத்தை?" என்று கேட்டாள். பாகங்களின் பெயரைக் காட்ட நான் ஒட்டிய கோடுகள் அவை!

மறுபடி முதலிலிருந்து செய்தேன். செல் சுவருக்குத் தேங்காய்நார்க் கயிறு, அதன் உள்ளே சவ்வுக்கு வழவழப்பான பட்டு நூல், இரண்டுக்கும் நடுவே விரல் நுனி போகிற இடைவெளி. உட்கருவுக்குப் பெரிய கோட்டுப் பட்டன். பசுங்கணிகத்துக்குப் புளியங்கொட்டை, மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொரசொரப்பான நெல். நடுவில் இருக்கும் பெரிய வாக்குவோலுக்குப் பஞ்சு வைத்து மேலே பலூன் துண்டு. நீட்டுக் கோடுகளை எடுத்துவிட்டேன். அவளே பிரெயில் சிலேட்டில் தாளை வைத்து, வலமிருந்து இடமாக எண்களைக் குத்திக் கொடுத்தாள். அவற்றை வெட்டி அந்தந்தப் பாகத்தின் அருகே ஒட்டினோம். பெயர்கள் தனித் தாளில்.

"செல் இவ்வளவு பெரிசா அத்தை?"

"இல்லம்மா, கண்ணுக்கே தெரியாது. மைக்ராஸ்கோப்லதான் பார்க்கணும்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். எங்கள் பள்ளியில் மைக்ராஸ்கோப் பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை. "இல்லம்மா, புஸ்தகத்துல படம்தான் பார்த்தேன்" என்றேன்.

"அப்ப நீங்களும் என்னை மாதிரிதான்!" என்று சிரித்தாள் பாருங்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாதத் தேர்வில் செல்லின் பாகங்களை வரிசையாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். ஐந்துக்கு ஐந்து! அட்டையை டீச்சரே கேட்டு வாங்கிப்போய், மற்ற பிள்ளைகளையும் கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னாராம். பிளஸ் ஒன் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

இப்போது இதயம் கேட்டிருக்கிறாள். நான்கு அறைக்கும் துணிப் பை தைத்துவிட்டேன். வால்வுதான் தகராறு. விரலை ஒரு பக்கமிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், மறுபக்கமிருந்து தள்ளினால் திறக்கக் கூடாது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் திறந்துகொள்கிறது. வேறு யோசனை தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்