352: ஒரு டிவிஷனின் கணக்கு

'சேவிங் பிரைவேட் ரயான்' பார்த்தவர்கள் அதன் தொடக்கக் காட்சிகளை மறந்திருக்க மாட்டார்கள். படகின் முன்கதவு இறங்குகிறது; உள்ளே நின்றவர்கள் கரையில் கால் வைக்கும் முன்பே சாய்கிறார்கள். 1944 ஜூன் 6, அமெரிக்கப் படைகள் கரையிறங்கிய நார்மண்டியின் ஓமஹா கடற்கரை. மேட்டிலிருந்து சுட்டவர்கள் யார் என்று படம் விரித்துச் சொல்வதில்லை. அவர்களில் பெரும்பாலோர் 352-வது காலாட்படை டிவிஷன் என்ற ஜெர்மன் படையைச் சேர்ந்தவர்கள். இந்தப் படையைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அதைக் கொஞ்சம் பெரிதாக்கியே எழுதினார்கள். ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் டிவிஷன் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம்.

ஒரு ஜெர்மன் காலாட்படை டிவிஷன் கிளம்பினால் ஒரு சிற்றூரே பெயர்ந்து கிளம்பிய மாதிரி. ரொட்டி சுடுகிறவர்கள், இறைச்சி வெட்டுகிறவர்கள், தபால் பிரிக்கிறவர்கள், மருத்துவர்கள், குதிரை வைத்தியர்கள் என்று எல்லோரும் அதற்குள் அடக்கம். குதிரை வைத்தியரா என்று கேட்பீர்கள். ஜெர்மன் படை என்றதும் டாங்கிகள்தான் நினைவுக்கு வரும். அன்றைய செய்திப்படங்கள் செய்த வேலை அது. உண்மையில் காலாட்படையின் பீரங்கிகளைப் போர் முடியும்வரை பெரும்பாலும் குதிரைகளே இழுத்தன. 1939-இல் ஒரு டிவிஷனுக்குச் சுமார் 17,000 பேர், ஆயிரக்கணக்கான குதிரைகள். மூன்று ரெஜிமென்ட், ரெஜிமென்ட்டுக்கு மூன்று பட்டாலியன். மொத்தம் ஒன்பது.

கிழக்கே சோவியத் மண்ணில் இரண்டு ஆண்டுகள் சண்டை போட்ட பிறகு இந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. ஆள் இல்லை. 1943-இன் பிற்பகுதியில் ரெஜிமென்ட்டுக்கு இரண்டே பட்டாலியன் என்று குறைத்தார்கள். டிவிஷன் என்ற பெயரை மட்டும் குறைக்கவில்லை. அடிபட்ட பழைய படையில் ஆள் நிரப்புவதைவிடப் புது எண்ணில் புதுப் படை திரட்டுவதே ஹிட்லருக்குப் பிடித்திருந்தது. வரைபடத்தில் குத்தும் கொடிகளின் எண்ணிக்கை குறையக் கூடாதல்லவா?

352 பிறந்தது இந்தச் சூழலில்தான். கிழக்கு முனையில் சிதைந்துபோன 321-வது டிவிஷனில் மிஞ்சியவர்களைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து, 1943 நவம்பரில் சான் லோ நகரை ஒட்டி அதைத் திரட்டத் தொடங்கினார்கள். தலைமை ஏற்றவர் டீட்ரிஷ் க்ரைஸ், கிழக்கு முனையில் டிவிஷன்களை நடத்தியவர். அதிகாரிகளிலும் சார்ஜென்ட்களிலும் ஒரு பங்கினர் போர் கண்டவர்கள். மற்றபடி சிப்பாய்களில் பெரும்பங்கு பதினெட்டு வயதை ஒட்டிய பையன்கள். சோவியத் கைதிகளிலிருந்து எடுத்த உதவியாட்களும் இருந்தார்கள். எல்லாம் சேர்த்து 12,000-க்குச் சற்று அதிகம்.

பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க நேரம் கிடைத்ததா என்றால், அரைகுறையாகத்தான். எதிரியைத் தண்ணீரின் விளிம்பிலேயே அடிக்க வேண்டும் என்பது அங்கிருந்த ஜெர்மன் தளபதி ரோமலின் பிடிவாதம். ஆகவே 1944 மார்ச்சில் டிவிஷன் கரைக்கு நகர்ந்ததும், பகலெல்லாம் கடலில் கம்பம் நடுவதும் கண்ணிவெடி புதைப்பதும் பதுங்குகுழி தோண்டுவதும்தான் வேலை. துப்பாக்கியைவிட மண்வெட்டிதான் அவர்கள் கையில் அதிகம் இருந்தது. காக்க வேண்டிய கரையோ 50 கிலோமீட்டரை ஒட்டிய நீளம்.

அமெரிக்கர்களின் கணக்கு இங்கேதான் தப்பியது. அந்தக் கரையில் 716-வது டிவிஷன் மட்டும் இருப்பதாக அவர்களுடைய உளவுத்துறை நம்பியது. அது வயதானவர்களும் கட்டாயத்தில் சேர்க்கப்பட்ட வெளிநாட்டவர்களும் கலந்த, ஓரிடத்தில் உட்கார்ந்து காவல் காக்கும் படை. 352 முன்னால் வந்துவிட்டது என்பது கடைசி நேரம்வரை உறுதியாகவில்லை. ஏதோ பயிற்சிக்காகத் தற்செயலாக அன்று அங்கே வந்திருந்தது என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம், மூன்று மாதமாக அங்கேதான் இருந்தது.

அதற்காக 12,000 பேரும் ஓமஹா மேட்டில் வரிசையாக நின்றார்கள் என்றும் எண்ண வேண்டாம். அந்தச் சுமார் எட்டு கிலோமீட்டர் மணலைப் பார்த்திருந்தது, 716-இலிருந்து ஒட்டவைத்த பகுதியையும் சேர்த்தாலும், ஏறக்குறைய இரண்டு பட்டாலியன்தான். பிறகு ஏன் அத்தனை சாவு? மேகமூட்டத்தில் தங்கள் படகுகள்மேல் விழுந்துவிடுமோ என்று விமானிகள் குண்டுகளைத் தாமதித்துப் போட, அவை உள்நாட்டு வயல்களில் விழுந்தன. தூரத்திலேயே கடலில் இறக்கிய 29 மிதக்கும் டாங்கிகளில் 27 மூழ்கின. செங்குத்தான மேடு, ஏறிப்போக ஒருசில பள்ளத்தாக்குகள், அவற்றின் வாய்களைக் குறிபார்த்து இயந்திரத் துப்பாக்கிகள். சுட்டவன் தேர்ந்த வீரனாக இருக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

இனி ஜெர்மன் தரப்பின் கையிருப்புப் படையின் கதையைக் கேளுங்கள். அதை நடத்தியவர் மேயர் என்ற லெப்டினன்ட் கர்னல். விடியுமுன்பே, பாராசூட் வீரர்கள் இறங்குகிறார்கள் என்ற செய்தியை நம்பி அவரை மேற்கே விரட்டினார்கள். சைக்கிளிலும் பழைய பிரெஞ்சு லாரிகளிலும் போனார்கள். போனபின் திரும்பி வா என்று உத்தரவு. வந்தால், ஒரு பட்டாலியனைப் பிரித்து ஓமஹா பக்கம் அனுப்பிவிட்டு, மற்றவர்களைக் கிழக்கே பிரிட்டிஷ்காரர்களை எதிர்க்க அனுப்பினார்கள். முழுக் காலையும் சாலையிலேயே கழிந்தது. மாலைக்குள் மேயர் இறந்துவிட்டார்.

ஓமஹாவில் நிலைமை கைக்குள் இருக்கிறது என்று க்ரைஸ் நம்பியதுதான் இந்தப் பிரிவினைக்குக் காரணம். கரையோர முகாமிலிருந்து பார்த்த அதிகாரி, எதிரி மணலிலேயே முடங்கிக் கிடப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தவரை அது சரிதான். ஆனால் பள்ளத்தாக்குகளை விட்டுவிட்டு, இடைப்பட்ட மேட்டுச் சரிவுகளில் சிறு சிறு குழுக்களாக அமெரிக்கர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் தரைதட்டும் அளவுக்குக் கரையை நெருங்கி வந்து சுட்டன. அன்று ஓமஹாவில் இறந்தும் காயம்பட்டும் காணாமலும் போன அமெரிக்கர்கள் 2,000-க்கும் மேல். 352-வது டிவிஷன் தன் பகுதி முழுவதும் சேர்த்துச் சுமார் 1,200 பேரை இழந்தது. அமெரிக்கர்களுக்கு மறுநாள் ஆட்கள் வந்தார்கள், இவர்களுக்கு வரவில்லை.

அடுத்த ஆறு வாரம் புதர்வேலிகளுக்கு நடுவே பின்வாங்கியபடியே சண்டை. ஜூலை 18-இல் சான் லோ விழுந்தபோது டிவிஷன் என்று சொல்லப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் காயம்பட்ட க்ரைஸ் சில நாட்களில் இறந்தார்.

எண் மட்டும் சாகவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் '352-வது ஃபோல்க்ஸ்கிரெனடியர் டிவிஷன்' என்று மறுபடி ஒன்றை எழுப்பினார்கள். விமானப்படையிலும் கடற்படையிலும் வேலையற்று நின்றவர்களை அள்ளிக் காலாட்படையாக்கினார்கள். டிசம்பர் 16-இல் ஜெர்மானியர்கள் தொடங்கிய ஆர்டென் தாக்குதலில் அது அவுர் ஆற்றைக் கடந்து லக்சம்பர்க்கில் எட்டல்ப்ரூக் வரை போனது. தெற்கிலிருந்து அமெரிக்கத் தளபதி பேட்டனின் படை வந்து மோதியதும் நொறுங்கியது. ஓமஹாவில் சுட்ட 352-க்கும் இதற்கும் பொதுவாக இருந்தது எண்ணைத் தவிர அதிகமில்லை.

இப்போது, பெரிதாக்கினார்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். அவ்வளவு பேரை இழந்த அமெரிக்கத் தரப்புக்கு, எதிரே நின்றது முழு பலமுள்ள, தேர்ந்த களப்படை என்பது ஏற்கத்தக்க விளக்கமாக இருந்தது. ஜெர்மன் தரப்பிலோ, இந்த டிவிஷனின் செயல்திட்ட அதிகாரியான ஃப்ரிட்ஸ் ட்சீகெல்மான் போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு விரிவான அறிக்கைகள் எழுதிக் கொடுத்தார். ஜூன் 6-இன் தொலைபேசிக் குறிப்புகளும் அவர் வழியாகவே நமக்குக் கிடைத்தன. 352-இன் உள்கதை நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் கையால்தான். படை தோற்றதற்குத் தாங்கள் பொறுப்பில்லை, ஆளும் வண்டியும் தராத மேலிடமே பொறுப்பு என்று நிறுவ அவருக்கும் அவர் வகை அதிகாரிகளுக்கும் காரணம் இருந்தது. வென்றவர்களுக்கு வலுவான எதிரி தேவைப்பட்டான். தோற்றவர்களுக்குக் கௌரவமான தோல்வி தேவைப்பட்டது. இரண்டு தரப்பின் வசதியும் அந்தத் தாள்களில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.