புதுக் கார் வாங்கப் போறீங்களா? பாட்டியையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறிப் பாருங்க!

திருவண்ணாமலை-

ஒரே ஒரு எலுமிச்சம்பழம். ஒரு புத்தம் புது வண்டியையே மாடியிலிருந்து தள்ளிவிட்டது!

நடந்தது டெல்லியில். 2025 செப்டம்பர் மாதம். நிர்மாண் விஹார் என்ற இடத்தில் ஒரு ஷோரூம். வண்டி நின்றது முதல் மாடியில். புது வண்டியை எடுக்க வந்த ஒரு பெண், வழக்கப்படி சக்கரத்தடியில் பழத்தை வைத்து, நசுக்குவதற்காக வண்டியை நகர்த்தினார். கால் ஆக்சிலேட்டரைப் பலமாக அழுத்திவிட்டது. அவ்வளவுதான். கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டி தெருவில் விழுந்தது! உள்ளே காற்றுப் பைகள் விரிந்ததால் உயிர் தப்பினார். அவர் இறந்துவிட்டதாகப் புரளி வேறு கிளம்பி, தான் உயிரோடு இருப்பதை அவரே வீடியோவில் வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நம்ம ஊரிலும் புது வண்டி என்றால் பூஜை உண்டு. நாலு சக்கரத்துக்கும் பழம் உண்டு. பழத்தின் மேல் குற்றமில்லை. காலுக்கும் வண்டிக்கும் அறிமுகம் வேண்டும். அந்த அறிமுகம் பணம் கட்டின பிறகா நடப்பது?

அதற்குத்தான் 'டெஸ்ட் டிரைவ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கலாம். காசு கிடையாது. ஆனால் நம்ம ஜனங்கள் அதை ஓசி சவாரியாக நினைத்து, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, ஐந்து வருஷம், ஏழு வருஷம் தவணை கட்டுகிறார்கள்!

அந்தக் காலத்தில்...

அப்பா, தாத்தா காலத்தில் இந்தச் சலுகை ஏது? அம்பாசடர், பியட், நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றே வண்டி. 1959-லேயே கார் விற்பனைக்குக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது மத்திய அரசு. முன்பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால் சிரித்திருப்பார்கள். பிறகு மாருதி 800 வந்தது. 1983 டிசம்பர் 14-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். அந்தக் காருக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் லட்சத்துக்கு மேல்! ஓட்டிப் பார்த்தா கட்டினார்கள்? கண்ணால் பார்த்தாலே பெரிசு.

இன்றைக்குக் கதை தலைகீழ். வண்டி காத்திருக்கிறது. 'வாங்க சார், ஒரு ரவுண்டு போலாம்' என்று போன் மேல் போன். வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறார்கள். கேட்டு வாங்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு?

ரோடு யாருடையது?

விற்பனைப் பையன் கெட்டிக்காரன். நேராக, வழவழ என்று இருக்கிற ரோடாகப் பார்த்துக் கூட்டிப் போவான். காலை வேளை, வெயில் இல்லை, வண்டியில் நீங்களும் அவனும் மட்டும். அந்த ரோட்டில் மாட்டு வண்டிகூட சொகுசாகத்தான் போகும்!

தினம் நீங்கள் போவது அந்த ரோடா? இல்லையே. ரோட்டை நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் தெரு. வீட்டு வாசலில் திரும்புகிறதா, எதிர்வீட்டுத் திண்ணையில் இடிக்காமல் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, சின்னக்கடைத் தெரு மாதிரி ஒரு நெரிசல். ஆட்டோ, மாடு, பூக்கூடை, செல்போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே நடக்கிறவர். அத்தனைக்கும் நடுவே கிளட்ச் கனமா, லேசா என்று இடது முழங்கால் சொல்லிவிடும்.

அப்புறம் திண்டிவனம் ரோடு ரயில்வே மேம்பாலம். இதுதான் பரீட்சை! வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் உட்காருங்கள். ஏ.சி.யைப் போடுங்கள். ஏற்றத்தில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, மெதுவாக்கி மறுபடி வேகம் எடுங்கள். சின்ன இன்ஜின் தனியாளுக்குத் துள்ளும். ஐந்து பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். அந்த மூச்சை ஷோரூமில் கேட்க முடியாது.

ஆட்டோமேட்டிக் கியர் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் கிளட்ச் மிதி கிடையாது. கியர் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலான வண்டிகள் தானாகவே நகரும். பழைய பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடி பிரேக்கை மிதித்தால் குலுங்கி நிற்கும். மைதானத்தில் அரைமணி பழகாமல் கடைத்தெருப் பக்கம் வரவே வராதீங்க.

வெயில்? மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, பின்சீட்டுக்குக் குளிர் வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் வெயிலுக்கு ஈடு கொடுத்தால் எல்லா மாசமும் ஈடு கொடுக்கும்.

வீட்டுப் பெரியவரைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரப் பாட்டி, புடவையோடு ஏறி இறங்கட்டும். உயரமான வண்டிதான் இப்போ மோஸ்தர். ஏற முடியாமல் பாட்டி ஷேர் ஆட்டோவில் போனால் எதற்குக் கார்?

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். டெஸ்ட் டிரைவ் என்பதால் விதிவிலக்கு கிடையாது. ஓட்டத் தெரியாதவர்கள், நாளைக்கு யார் ஓட்டப்போகிறாரோ அவரை அழைத்துப் போய்ப் பின்சீட்டில் உட்காருங்கள்.

கிரிவலப் பாதையில் வேண்டாம். 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு ஜனங்கள் நடக்கிற பாதை. வேகம் பார்க்க அதுவா இடம்?

ஓட்டியது ஒன்று, வருவது ஒன்று!

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓட்டிப் பார்க்கத் தருவது பெரும்பாலும் விலை கூடின மாடல். பின்பக்கக் கேமரா, உயரம் ஏற்றி இறக்கும் சீட்டு எல்லாம் இருக்கும். நீங்கள் பணம் கட்டுவது கீழ் மாடலுக்கு. வந்து நிற்கும்போது கேமராவும் இல்லை, சீட்டும் ஏறாது. 'இதில் எது எனக்கு வராது?' என்று முதலிலேயே கேளுங்கள்.

மைலேஜும் அப்படித்தான். விளம்பரத்தில் போடுகிற கணக்கு, பரிசோதனைக் கூடத்தில் உருளை மேல் சக்கரத்தைச் சுற்றவிட்டு எடுத்தது. உருளைக்கு ஸ்பீடு பிரேக்கர் தெரியாது!

உங்கள் பெயருக்கு வந்த வண்டியைப் பதிவு செய்யும் முன் போய்ப் பாருங்கள். டி.என். 25 நம்பர் விழுந்தபின் புலம்பி லாபமில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? சேசிஸ் நம்பர் ரசீதோடு ஒத்துப்போகிறதா? விற்பனைச் சான்றான 21-ம் நம்பர் படிவத்தில் தயாரித்த மாதம், வருஷம் என்ன? டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் தயாரான டயர். டயர் கிழடாக இருந்தால் வண்டியும் எங்கோ வெகுநாள் நின்றிருக்கலாம். விசாரியுங்கள்.

கோவாவில் ஒருவருக்கு 2011-ல் புதுசு என்று விற்ற கார், 2009-ல் தயாரானது! வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2021-ல் தீர்ப்பு. விற்ற டீலர் செய்ததற்கு, தெரியாமல் இருந்த தயாரிப்புக் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அதனால் பேச்சு வார்த்தை எதுவானாலும் டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். புக்கிங் பணம் கட்டும்போது, வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் ரசீதில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு கோர்ட்டில் செல்லுமா?

தகராறு வந்தால் நம்ம ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கின பொருள் பற்றிய புகார் அங்கே போகும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை.

ஒன்று மட்டும்: ஓட்டிப் பார்க்க நாள் குறிக்கும்போது காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி என்றால் தள்ளிப் போடுங்கள். அன்றைக்கு ஊருக்குள் வெளியூர் பஸ்ஸே வராது. உங்கள் டெஸ்ட் டிரைவ் எங்கே போகும்?