யாரிடம் வாங்கியது? உள்ளூர் விளைபொருள் கடைகளும் நுகர்வோர் உரிமையும்

திருவனந்தபுரத்துச் சமையலறைகளுக்குப் போகும் காய்கறியில் கணிசமான பகுதி எல்லைக்கு இப்பாலுள்ள நாகர்கோவில், தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து லாரி ஏறிச் செல்வதாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசின் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு முதல் பாளையம் சந்தை வரை இந்த வரத்தை நம்பித்தான் வணிகம் நடந்துவருகிறது. இதற்கு மாற்றாக, நகரைச் சுற்றியுள்ள வெள்ளாயணி, கல்லியூர், நெடுமங்காடு போன்ற இடங்களில் விளைவதை நேரடியாக வாங்கி விற்கும் சிறு கடைகள் இப்போது குடியிருப்புப் பகுதிகளில் காணப்படுகின்றன. ‘தணல்’ என்னும் சூழலியல் அமைப்பு இந்நகரில் இயற்கை உழவர்களையும் நகரவாசிகளையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து நடத்திய இயற்கைச் சந்தை, இவ்வகைக் கடைகளுக்கு முன்மாதிரிகளுள் ஒன்று. அங்கே ஏத்தன்குலையும் (நேந்திரன் வாழைத்தார்) மரச்சீனியும் (மரவள்ளி) சிவப்பரிசியும் செக்கெண்ணெயும் பொதுச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கே விற்கப்படுகின்றன. வாங்குபவர் மனமுவந்து கொடுக்கும் அந்தக் கூடுதல் தொகை, பொருளைக் காட்டிலும் அதன்மேல் ஏறியிருக்கும் ‘உள்ளூர்’, ‘நாட்டு’, ‘விஷமற்றது’ என்னும் சொற்களுக்கான விலையாகவே இருப்பதால், அந்தச் சொற்களுக்குப் பின்னால் சட்டம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது நுகர்வோருக்கும் கடைக்காரருக்கும் ஒருசேரத் தேவையாகிறது.

முதலில் கசப்பான செய்தி. ‘உள்ளூர் விளைபொருள்’ என்பதற்கு இந்திய உணவுச் சட்டத்தில் வரையறை கிடையாது. எத்தனை கிலோமீட்டருக்குள் விளைந்தால் அது உள்ளூர், மாவட்ட எல்லை கணக்கா, மாநில எல்லை கணக்கா என்று எந்த விதியும் சொல்வதில்லை. ஆகவே தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்து வெண்டைக்காயை உள்ளூர் என்று சொல்லி விற்பவரை அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் பிடித்துவிட முடியாது. ஆனால் ‘கல்லியூர் வயலில் இன்று காலை பறித்தது’ என்று பலகையில் எழுதி வைத்து, பொருள் வேறெங்கிருந்தோ வந்திருந்தால், அது சரிபார்க்கத்தக்க ஓர் உண்மையைப் பற்றிய பொய்க்கூற்று ஆகிவிடுகிறது. அப்போது அது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி ‘தவறான குறியீடு’, அதாவது பொய்யான அல்லது திசைதிருப்பும் உரிமைகோரலுடன் விற்பனைக்கு வைக்கப்பட்ட உணவு என்ற வகைக்குள் வருகிறது. இதற்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டத்தொகை விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. எனவே கடையில் ‘இது உள்ளூர்தானா?’ என்று கேட்பதால் பயனில்லை, அதற்கு ஆம் என்ற பதில் எப்போதும் கிடைக்கும். ‘எந்த ஊர், யார் தோட்டம், என்றைக்கு வந்தது?’ என்று கேட்பதே சட்டத்தின் பிடிக்குள் வரும் பதிலைப் பெற்றுத் தருகிறது.

ஊர்ப்பெயருக்கே தனிப் பாதுகாப்பு உள்ள இடம் ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியோடு பிரிக்க முடியாத தரமோ பெயரோ கொண்ட பொருள்களின் பெயரை அப்பகுதி உற்பத்தியாளர்களுக்கே உரியதாக்குகிறது. இடுக்கி மாவட்டத்து மறையூர் வெல்லம் 2019இல் இக்குறியீட்டைப் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டிலிருந்து வரும் விலை குறைந்த வெல்லம் மறையூர் என்ற பெயரில் கேரளக் கடைகளில் விற்கப்படுவதாக அங்குள்ள கரும்பு உழவர்கள் தொடர்ந்து முறையிட்டு வந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக் கடைகளில் விரும்பி வாங்கப்படும் கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் 2023இல் குறியீடு கிடைத்துள்ளது. இப்பெயர்களைப் பொய்யாகப் பயன்படுத்துவது தண்டத்தொகையோடு முடிவதில்லை, சிறைத்தண்டனைக்கும் உரிய குற்றம்.

இனி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அச்சாணி போன்ற ஒரு நுட்பம். நுகர்வோர் பலரும் கவனிக்காதது. அச்சட்டம் உழவருக்கும் மீனவருக்கும் பொருந்தாது என்று அதுவே சொல்கிறது. ‘முதல்நிலை உணவு’ என்பதற்கு அது தரும் விளக்கத்தின்படி, வயலில் விளைந்த பொருள் இயற்கையான வடிவில் உழவர் அல்லாத ஒருவரின் கைக்கு வந்த பிறகே சட்டப் பொருளில் உணவாகிறது. அதாவது ஏத்தன்குலை உழவரின் தோளில் இருக்கும் வரை ஒரு நிலை, கடைக்காரரின் கொக்கியில் தொங்கத் தொடங்கியதும் வேறொரு நிலை. பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தாலும், பழுக்க வைக்கத் தடைசெய்யப்பட்ட கால்சியம் கார்பைடு கல்லைப் போட்டிருந்தாலும், பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் அந்தக் கடைக்காரரே. பெரிய சங்கிலிக் கடைக்கு மொத்த வியாபாரி, குளிர்பதனக் கிடங்கு, தரப் பரிசோதகர் என்று நடுவில் பலர் இருப்பார்கள். உழவரிடம் நேரடியாக வாங்கும் சிறு கடைக்கு நடுவில் யாரும் இல்லை. நேரடிக் கொள்முதலின் பெருமையாகச் சொல்லப்படும் இதுவே சட்டத்தின் கணக்கில் அதன் பெருஞ்சுமையும் ஆகிறது.

இந்தச் சுமை காகிதத்தால்தான் நிறைவேற்றப்படுகிறது. பொருளை அனுப்பியவர் யார் என்று அடையாளம் காட்ட முடியாமல் விற்கும் சில்லறை விற்பனையாளர் அந்தக் காரணத்துக்காகவே பொறுப்பாளியாவார் என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. உழவர் பில் புத்தகம் வைத்திருப்பதில்லை என்பது எல்லோரும் அறிந்த நடைமுறை. ஆனால் தேதி, உழவர் பெயர், ஊர், எடை, கொடுத்த விலை என்ற ஐந்து விவரங்களைக் கடைக்காரரே ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்தால் தடமறிதல், அதாவது ஒரு பொருள் வந்த வழியைப் பின்னோக்கித் தேடிச் செல்லும் வசதி, ஓரளவுக்கு உறுதியாகிவிடும். அப்படி ஒரு நோட்டு இருக்கும் கடையில் ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. இல்லாத கடையில் அது வெறும் வாய்ச்சொல்.

கடைக்குள்ளேயே பொட்டலம் போடும் பழக்கம் அடுத்த சிக்கல். மூட்டையில் வந்த சிவப்பரிசியை அரைக்கிலோவாக நிறுத்து, பாலிதீன் உறையில் கட்டி, ‘ஸ்டேப்ளர்’ அடித்து, ஒரு துண்டுத்தாளில் விலையை மட்டும் எழுதி அலமாரியில் அடுக்கும் காட்சி இக்கடைகளில் சகஜம். வாங்குபவரின் கண்முன் நிறுத்துக் கொடுக்கும் வரை அது சில்லறை விற்பனை. அவர் வருவதற்கு முன்பே கட்டி வைத்துவிட்டால் அது ‘முன்பொதியப்பட்ட பண்டம்’ ஆகிறது. 2011ஆம் ஆண்டின் சட்ட எடையளவு விதிகளும் 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளும் அப்போது தொற்றிக்கொள்கின்றன: பொருளின் பெயர், பொட்டலம் போட்டவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, பொதிந்த நாள், காலாவதி, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஆகியன உறைமேல் இருந்தாக வேண்டும். அந்த எண் 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வணிகருக்கான பதிவு. 2022 ஜனவரி முதல் இந்த எண் ரசீதிலும் அச்சிடப்பட வேண்டும். எடை குறித்த ஐயம் இருந்தால் மின்னணுத் தராசில் சட்ட எடையளவுத் துறையின் முத்திரை உள்ளதா என்று பார்க்கலாம். அதை 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கலப்படம் பற்றிப் பேசும்போது கேரளத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 2018 டிசம்பரில் மட்டும் அம்மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் 74 தேங்காய் எண்ணெய் வணிகப் பெயர்களை ஒரே ஆணையில் தடைசெய்தார். அவற்றுள் பல ‘கேர’ என்ற முன்னொட்டைச் சுமந்து, கேரள மண்ணின் பொருள் போலத் தோன்றும்படி பெயர் சூட்டப்பட்டவை. விலை மலிந்த வேறு எண்ணெய்களைக் கலந்து தேங்காய் மணம் மட்டும் மிஞ்சும்படி செய்யும் இந்த வேலையைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிப்பது அரிது. பெயர்பெற்ற நிறுவனங்கள் மீது ஏற்பட்ட இந்த அவநம்பிக்கைதான் மக்களைச் செக்கு வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்கு அனுப்பியது என்பது நியாயமான ஊகம்; ஆனால் அங்கே வேறொரு விதி மீறப்படுகிறது. பொதியப்படாத, லேபிள் இல்லாத சமையல் எண்ணெயை விற்பதை உணவு ஒழுங்குமுறைகள் தடைசெய்கின்றன, மாநில அரசு தனியே விலக்கு அளித்தாலொழிய. பெரிய எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து வாடிக்கையாளர் கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றித் தரப்படும் எண்ணெய் எவ்வளவு தூயதாக இருந்தாலும், பின்னர் ஒரு கோளாறு என்றால் அது இந்தக் கடையின் எண்ணெய்தான் என்று காட்டுவதற்கு வாங்கியவரிடம் ஒன்றும் இருக்காது.

தேன், கருப்பட்டி இரண்டும் இதே வரிசை. தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பது என்று கைமாறிவரும் வீட்டுச் சோதனைகள் பழைய சர்க்கரைப் பாகுக் காலத்தவை. அரிசியிலிருந்து எடுக்கப்படும் பாகைக் கலந்த தேன் அவற்றில் எளிதாகத் தேறிவிடும். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சூழலியல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 13 தேன் வணிகப் பெயர்களில் 10 அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தவறின; இந்தியாவின் வழக்கமான ஆய்வகச் சோதனைகளை அவற்றுள் பல முன்பே தாண்டியிருந்தன. கருப்பட்டியில் சீனி கலப்பது பனைத்தொழில் நலிந்த நாள் முதலே தென்மாவட்டங்களில் புகாராக இருந்துவருகிறது. நாவில் ஒரு துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் கைதேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களின் நாக்கு நீதிமன்றத்தில் சான்றாகாது.

‘இயற்கை விளைபொருள்’ என்ற சொல்லுக்கு மட்டும் சட்டத்தில் திட்டமான எல்லை உண்டு. 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள்படி, அப்படிச் சொல்லி விற்க இரண்டு சான்றுமுறைகளுள் ஒன்று தேவை: வெளி நிறுவனம் ஒன்று வந்து ஆய்ந்து சான்றளிக்கும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம், அல்லது ஒரு வட்டார உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதிசெய்யும் பங்கேற்பு உத்தரவாத முறை. சான்று பெற்ற பொட்டலத்தில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கும். தாம் விளைவித்ததைத் தாமே நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அவர் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. முத்திரையில்லாத பொருள் எல்லாம் போலி என்று கருதுவது எவ்வளவு தவறோ, மண் ஒட்டிய கிழங்கெல்லாம் மருந்தடிக்காதது என்று நம்புவதும் அவ்வளவு தவறு. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் பல ஆண்டுகளாகச் சந்தை மாதிரிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. இயற்கைப் பொருள் என்று விற்கப்பட்ட சில மாதிரிகளிலும் எச்சம் கண்டறியப்பட்டதுண்டு. மறுபக்கம், தமிழ்நாட்டுக் காய் என்றாலே விஷம் என்று கேரளத்தில் படிந்துபோன பேச்சுக்கும் ஆய்வகம் துணை நிற்பதில்லை, எச்சம் எல்லையைப் பார்த்து ஏறுவதில்லை.

பரிகாரங்களில் எளியதும் புறக்கணிக்கப்படுவதும் ரசீது. அண்டைக் கடை, தெரிந்த முகம் என்ற தயக்கத்தில் ரசீது கேட்காமல் வருவதே பெரும்பாலான புகார்கள் பிறக்கும்போதே இறந்துபோகக் காரணம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது தர மறுப்பதையும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது.

பொருளைப் பற்றி முன்கூட்டியே ஐயம் இருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு தரும் அரிய உரிமை உதவும். அலுவலர் யாரும் வராமலேயே, ஒரு சாதாரண நுகர்வோர் தாம் வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். ஆனால், வாங்கும் அந்த நேரத்திலேயே ‘இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்; வீட்டுக்கு வந்த பிறகு தோன்றிய ஐயத்துக்கு இப்பிரிவு உதவாது. பொருள் தவறானது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கை மேல்நடவடிக்கைக்காக அலுவலருக்குச் செல்லும். இதற்கான அரசு ஆய்வகம் திருவனந்தபுரம் வஞ்சியூரில் உள்ளது. அலுவலர் நேரில் வந்து மாதிரி எடுக்க வேண்டுமென்றால் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125இல் புகார் செய்யலாம். நாடு முழுதுக்குமான நுகர்வோர் உதவி எண் 1915.

பணமும் இழப்பீடும் வேண்டுவோர் செல்ல வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். குறையைச் சோதனையின்றி உறுதிப்படுத்த முடியாதபோது ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் என்பதால், மிஞ்சிய பொருளை உறையோடு பத்திரப்படுத்துவது அவசியம். உணவால் உடல்நலம் கெட்டிருந்தால் மருத்துவமனைச் சீட்டும் அதே அளவுக்கு முக்கியம். மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, ஏனைய பாதிப்புக்கு 1 லட்சம் வரை என்று உணவுச் சட்டமே தனியாக இழப்பீடு வகுத்துள்ளது.

கடைக்காரர் இந்தச் சட்டத்தின் முன் நிராயுதபாணி அல்லர். அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்றைத் தம் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அவர் அங்கேயே கேட்கலாம். பகுப்பாய்வாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். நியாயமான காரணமின்றித் தொல்லை தரும் அலுவலருக்கே தண்டத்தொகை விதிக்க 39ஆம் பிரிவில் இடமுண்டு. இவற்றைவிட வலுவானது 80ஆம் பிரிவு: தாம் தயாரிக்காத பொருளை வாங்கி விற்றவர், தக்க முன்னெச்சரிக்கைகளையும் சோதனைகளையும் மேற்கொண்டதாக நிறுவினால், அதையே எதிர்வாதமாக முன்வைக்கலாம். அந்த எதிர்வாதத்துக்குச் சான்றாக அவர் காட்டக்கூடியது உழவரின் பெயரும் ஊரும் தேதியும் எழுதிய கொள்முதல் நோட்டுத்தான். அதே நோட்டைத் தமக்கும் காட்டும்படி கேட்பதற்கு வாடிக்கையாளருக்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை.