வாசல் நித்திய கல்யாணியில் கேன்சர் மருந்து: அப்போ சாறு குடிக்கலாமா?

ஓசூரில் பல வீட்டு வாசல்களில் சாதாரணமாகப் பூத்து நிற்கும் செடி, நித்திய கல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ‘இதன் இலைச்சாறு கேன்சரைக் கொல்லும்’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால், அதில் பாதி உண்மை. ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இந்தச் செடியை ஆராய்ந்தது சர்க்கரை நோய்க்காக. எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. அப்படிக் கிடைத்தது வின்பிளாஸ்டின். அடுத்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து.

எப்படிக் கொல்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க, டியூபுலின் என்ற புரதத்தால் நுண்குழாய்களைக் கட்டும். கயிறு மாதிரி. மருந்து டியூபுலினில் ஒட்டிக்கொண்டால் கயிறே உருவாகாது. பாதியில் மாட்டிய செல், கடைசியில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பெயர், அபோப்டோசிஸ். வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் சேர்ந்து அடிவாங்கும். முடி கொட்டுவது அதனால்தான்.

சரி, சாறு? 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கே சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். டம்ளர் சாறில் மருந்து அளவு வராது. செடியின் மற்ற நச்சுகள் வரும். வின்கிரிஸ்டினை டாக்டர்களே ரத்தக்குழாயில் மட்டும்தான் ஏற்றுவார்கள். தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் உயிரே போகும்.

பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்குக் கீமோவுக்குப் போய் வருபவரிடம் ‘சும்மா குடிச்சுப் பாருப்பா’ என்று வீட்டில் யாராவது டம்ளரை நீட்டினால், முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே குடித்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.