மேட்டு மழையும் பள்ளத்து வெள்ளமும்

புதுச்சேரியின் வடமேற்கே, விமான நிலையமும் தாகூர் கலைக் கல்லூரியும் காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையமும் அமைந்திருக்கும் செம்மண் மேட்டுப் பிரதேசமே லாஸ்பேட்டை. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட புதுச்சேரியை 1765இல் மீளப் பெற்று, அதன் இடிபாடுகளின்மேல் மறுபடியும் ஒரு நகரத்தை எழுப்பும் பொறுப்பை ஏற்ற பிரெஞ்சு கவர்னர் ழான் லா என்பவரின் பெயரே இவ்வூருக்கு வழங்கலாயிற்று என்று சொல்லுவர். பேரிடருக்குப் பின் நகரத்தை மீட்டவன் ஒருவனுடைய பெயரைத் தாங்கிய ஊரில், பேரிடருக்கு முன் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமானதே.

விமான நிலையம் இருக்கும் மேட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர். அங்கிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய தூரத்துக்குள் நிலம் கிழக்கு நோக்கிச் சாய்த்த முறம்போல இறங்குகிறது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் முதலிய பகுதிகள் அந்தச் சரிவின் அடிப்பகுதியில் கிடக்கின்றன. கருவடிக்குப்பமும் கோரிமேடும் தோப்பாகவும் புன்செய்யாகவும் இருந்த நாளில், மேட்டில் விழுந்த மழையில் பெரும்பகுதியைச் செம்மண்ணும் அதன் கீழுள்ள மணற்பாறையும் உறிஞ்சிக்கொண்டன. பாரதியார் நாடிச் சென்ற குயில் தோப்பு கருவடிக்குப்பத்தில்தான் இருந்தது. தோப்பு மனையாகி, மனை மாடியாகி, தெரு தாராகி, வாசல் சிமெண்டாகிவிட்ட இக்காலத்தில், விழுந்த நீர் விழுந்த கணமே புறப்பட்டுவிடுகிறது. அது போய்ச் சேரும் இடம் கீழ்த்தெருக்காரனுடைய கூடம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு, பத்தரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்து சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவதே வழக்கம். ஆனால் புயலை இழுத்துச் செல்லும் மேல் வானத்துக் காற்றோட்டம் வலுவிழந்துவிட்டால், அது நின்ற இடத்திலேயே சுழல ஆரம்பித்துவிடும். ஃபெஞ்சலும் மறுநாள் முற்பகல் வரை ஏறத்தாழ அசையாமலே நின்றது. உடலின் ஒரு பாதி கடல்மேல் கிடந்து நீராவியை அள்ளிக்கொண்டே இருக்க, மறுபாதி ஊரின்மேல் அதைக் கொட்டிக்கொண்டே இருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை 48 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 48 சென்டிமீட்டர் பெய்தால் 48 கோடி லிட்டர். 1,200 சதுர அடி மொட்டை மாடி ஒன்றின்மேல் மட்டும் 53,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். கிருஷ்ணா நகரில் சில இடங்களில் தண்ணீர் ஐந்தடிக்கு ஏறியது. சென்னையிலிருந்து ராணுவம் வந்து சேர்ந்து, பொழுது புலரும் வேளையில் படகுகளில் ஜனங்களை மீட்கத் தொடங்கிற்று.

புயல் புதுச்சேரிக்குப் புதிதன்று. 1761 ஜனவரி முதல் தேதி அடித்த சூறாவளி, நகரை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் பலவற்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு கடலில் ஆழ்த்தியது. அப்படியும் முற்றுகை கலையவில்லை; நகரம் பதினைந்து நாளில் சரணடைந்தது. காற்றுக்குத் தப்பிய ஊரைப் பசி வீழ்த்தியது. தானியம் வெளியிலிருந்து வந்து சேராவிட்டால் மதிலும் பீரங்கியும் எதற்கு? 1916ஆம் ஆண்டுப் புயலின்போது, பழைய வீட்டை விட்டுச் சற்று முன்னர்தான் பாரதியார் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தார். பழைய வீடு இடிந்தது, கவி பிழைத்தார். அந்த இரவைப் பற்றி அவர் பாட்டு எழுதி வைத்தார். நமக்கோ எல்லாச் சமயத்திலும் அவ்வளவு அதிருஷ்டம் வாய்ப்பதில்லை.

நம் தலைமுறைக்கு நினைவில் நிற்பது 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே புகுந்த தானே புயல். அதன் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. ஃபெஞ்சலின் காற்றோ 70 முதல் 80. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பௌதிகம். ஆகவே தானேயின் தாக்குதல் ஃபெஞ்சலைக் காட்டிலும் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய மூன்றரை மடங்கு. தானே மரங்களைச் சாய்த்தது, மின்கம்பங்களை முறித்தது, கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் அழித்தது. அந்த அநுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, 2024இல் ஓட்டையும் தகரத்தையும் கட்டி, ஜன்னலை அடைத்து, காற்றுக்குச் சகல ஆயத்தங்களும் செய்தவர்கள் பலர். அவர்களுடைய வீட்டுக்குக் காற்று வரவில்லை, நீர் வந்தது. போன பேரிடரைப் போலவே அடுத்ததும் வரும் என்று எண்ணுவது மனித சுபாவம். பேரிடருக்கு அந்த நிர்ப்பந்தம் ஏதும் இல்லை.

நகரவாசியின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தால், அது பெரும்பாலும் ஒரு கம்பியில் போய் முடிகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் முத்திரப்பாளையத்து நீரை வாய்க்கால் வழியே நகருக்குள் கொண்டுவந்தார்கள். இன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றவும், தெருக்குழாயிலிருந்து வீட்டுச் சம்ப்புக்கு வந்த நீரை மாடிக்கு ஏற்றவும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் முதலில் விளக்கு போகும். பிறகு குழாய் போகும். கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்து ஜெனரேட்டருக்கு டீசலும் வந்து சேராவிட்டால் பேச்சும் போகும். மேட்டில் இருப்பவனுடைய வீட்டில் ஒரு சொட்டு வெள்ளம் நுழையாமல் இருந்தும், மூன்றாம் நாள் அவன் குடத்தை ஏந்தி அலைவதன் காரணம் இதுவே. பள்ளத்துக்காரனுக்கு வேண்டாத நீர், மேட்டுக்காரனுக்கு வேண்டிய நீர் இல்லை. பேரிடர் இருவருக்கும் ஒன்றுதான். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் பத்தாம் எண்ணே மிகப் பெரிய அபாயத்தைக் குறிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் மேல் பதினொன்று ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதற்கு அர்த்தம். எச்சரிக்கை முறையை வகுத்தவர்கள் எதை இறுதியில் வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகையால் முதல் ஆயத்தம் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு பெரிய கேன்கள். கழுவல், கழிப்பறை எல்லாவற்றையும் சேர்த்தால் தலைக்கு 15 லிட்டர் என்று உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் கணக்கிடுகிறார்கள். எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பிவிடுவது இரட்டை லாபம்: ஆயிரம் லிட்டர் நிரம்பிய தொட்டி ஒரு டன் எடை, எந்தப் புயலும் அதை எளிதில் அசைக்காது, காலித் தொட்டியோ காற்றில் பறந்து அடுத்த வீட்டுக்காரன் தலையில் விழக்கூடிய வஸ்து. தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பின் கதி வேறு. வெள்ளம் வாசலைத் தொட்டுவிட்டால் பாதாளச் சாக்கடை நீரும் மழை நீரும் கலந்தே அதனுள் இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. அந்நீரை வெளியேற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவியே தீர வேண்டும். பின்னர் நிரப்பும் தெளிந்த நீருக்கு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும். கலங்கல் நீரில் குளோரின் மண்ணோடும் அழுக்கோடும் போராடியே தீர்ந்துபோகும்; கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். முதலில் துணியில் வடிகட்டித் தெளிய வைத்தல், அப்புறமே மருந்து. குடிநீரைப் பொறுத்தவரை, தளதளவென்று கொதிக்க விடுவதைக் காட்டிலும் எளிய உபாயம் இன்னும் தோன்றவில்லை.

உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் ஆகியவை அடுப்பே இல்லாமல் வயிற்றை நிரப்பும். நம் பாட்டிமார் கட்டுச்சோற்று மூட்டையில் இருந்தவைதாம் இவை. வேகவைத்தே உண்ண வேண்டிய பொட்டலங்களைக் கடையில் முண்டியடித்து வாங்குகிறவர்கள், அதற்கு வேண்டிய நீரையும் நெருப்பையும் மறந்துவிடுகிறார்கள்.

மருந்து அவ்வளவு இலகுவான விஷயமன்று. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உண்பவர் இல்லாத வீடு இந்நாளில் அபூர்வம். பத்து நாளைய மாத்திரையும் மருத்துவரின் சீட்டும் நனையாத உறையில் எப்போதும் இருக்க வேண்டும். இன்சுலின் வைத்திருப்போர் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால் கலங்குகிறார்கள். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்பது நல்ல யோசனை. ஆனால் நீர் ஆவியாகும்போதுதான் பானை குளிரும். புயல் மழையில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கையில் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடுகிறபடியால், பானை கோடையில் செய்கிற உபகாரத்தைக் கார்த்திகையில் செய்யாது. நல்ல வேளையாக, அதே மழை வெப்பத்தையும் தணித்துவிடுகிறது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு வாரம்வரை கெடாது என்பதே பொது விதி. வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காமல் இருந்தால் போதும்.

வெள்ளம் தெருவில் ஏறத் தொடங்கியதும், நீர் உள்ளே புகும் முன்பாகவே, உலர்ந்த தரையில் நின்று மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் தனியே மின்சாரம் தரும் பிராணி என்பதைப் பலர் மறந்துபோகிறார்கள். அதையும் அணைப்பது அவசியம். கீழ்த்தளத்து வீடுகளில் அதன் மின்கலத்தை மேடையில் ஏற்றி வைப்பது புத்திசாலித்தனம். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் இயக்குவது கொலைக்குச் சமானம்: அதன் புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் சிவப்புப் பொருளைப் பற்றிக்கொள்ளும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

காரை நம்பி வெள்ளத்தில் இறங்குவோர்க்கு ஆர்க்கிமிடீஸ் ஒரு கணக்குச் சொல்லுகிறார். ஆயிரம் கிலோ எடையுள்ள சிறிய காரின் அடிப்பரப்பு ஆறு சதுர மீட்டர் என்று கொண்டால், அடித்தட்டுக்கு மேல் பதினாறு பதினேழு சென்டிமீட்டர் நீர் ஏறினாலே அது மிதக்கத் துணிந்துவிடும். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் என்பதையும் கூட்டினால், ஓடும் நீர் ஒரு அடிக்குமேல் இருக்கும் சாலையில் கார் ஒரு மோசமான படகு. காற்றுக்குச் சொன்ன வர்க்க விதியே நீருக்கும் செல்லும். நீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி உடையது ஆதலால், வேகமாக ஓடும் முழங்கால் நீரே ஆளைத் தள்ளிவிடும். நடந்தே தீர வேண்டுமானால் கையில் ஒரு கோல், காலில் மூடிய செருப்பு. கோல், திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியைக் காட்டும். செருப்பு, எலியின் சிறுநீர் வழியே பரவி, காலிலுள்ள சிறு புண்ணின் வழியாகவும் உடலில் புகும் எலிக் காய்ச்சலைத் தடுக்கும். வெள்ளத்தில் நின்றவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான தசை வலியும் கண்டால், ஜிப்மருக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ போய், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பாதி நோயறிதல்.

இவ்வளவையும் ஒரு பையில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் மேல்நாட்டில் பலர். இங்கும் பெருகி வருகிறார்கள். டார்ச் விளக்கும், வானொலிப் பெட்டியும், ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரங்களின் பிரதிகளும் அடங்கிய பை வேண்டியதே. எனினும், 1995இல் ஜப்பானின் கோபே நகரத்தைப் பூகம்பம் தகர்த்தபோது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அண்டை வீட்டாருமே. அரசாங்கத்தின் படகு எத்தனை விரைவாகப் புறப்பட்டாலும், அடுத்த வீட்டுக்காரனே முதலில் வந்து சேருகிறான். லாஸ்பேட்டையில் பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, ஓய்வு பெற்ற தம்பதிகள் மட்டும் வசிக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. எந்த வீட்டுப் பெரியவர் படியேற மாட்டாதவர், யாருக்கு டயாலிசிஸ், எந்த மாடியில் பத்துப் பேருக்கு இடம் என்பது தெருவில் நால்வருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மேட்டில் வீடு உள்ள உறவினர் ஒருவரிடம், சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வந்து தங்குவோம் என்று இப்போதே சொல்லி வைப்பதில் லஜ்ஜைக்கு இடமில்லை. தொலைபேசி அழைப்பு போகாத வேளையிலும் குறுஞ்செய்தி போய்ச் சேருவது உண்டு. அவசர உதவிக்கு 112, பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்களைக் கைப்பேசியில் மட்டுமன்றிச் சுவரிலும் எழுதி வைக்கலாம். கைப்பேசி நனைந்தாலும் அடுத்த வீட்டுத் தொலைபேசி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, தன் வாசற்படியின் உயரத்தை அறிந்திருப்பது. 2024 டிசம்பர் முதல் தேதி நீர் எந்த மட்டம்வரை ஏறியது என்பதற்குச் சாட்சியாகப் பள்ளத்துத் தெருக்களின் சுவர்களில் பழுப்புக் கோடுகள் நின்றன. வெள்ளையடித்த வீடுகளில் அவை மறைந்துவிட்டன. மனத்திலிருந்தும் மறையச் சில ஆண்டுகளே போதும். புதிதாகக் குடிவருகிறவருக்கு வீட்டுத் தரகர் அதைச் சொல்லப்போவதில்லை. அன்று அங்கே இருந்தவர்கள், நினைவு இருக்கும்போதே, தெருமுனை மின்கம்பத்திலோ மதில் சுவரிலோ அழியாத வண்ணத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். வரும் ஐப்பசிக்கு முன் செய்துவிடுங்கள்.